மீனுக்கு ஐஸ், மாதிரிக்கு என்ன? குடல் பாக்டீரியா ஆய்வில் ஒரு சிக்கல்

செகிஞ்சான் படகுத்துறைக்குப் போயிருக்கிறீர்களா? மீன் படகிலிருந்து இறங்கியதும் அதன் மேல் ஐஸ் கொட்டுவார்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீனை உங்கள் அம்மா வாங்கமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், "வேண்டாம்" என்று நகர்ந்துவிடுவார். கடலில் பிடித்த அதே மீன்தான். ஆனால், பிடித்த பிறகு கடந்த நேரமும் பட்ட வெயிலும் அதை மாற்றிவிட்டன.

அறிவியல் ஆய்வுக்காக எடுக்கும் மாதிரிக்கும் இதே கதிதான். அதிலும் மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவை ஆராய எடுக்கப்படும் மாதிரி என்ன தெரியுமா? மலம்! அது புதிதாக இருந்தாலும் நாறும், கெட்டுப்போனாலும் நாறும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சிரிக்க வேண்டாம், மாணவர்களே. இந்தச் சிறிய மாதிரியை நம்பித்தான் பெரிய மருத்துவ முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

உங்களுக்குள் ஒரு கூட்டம்

2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டின்படி, வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 38 டிரில்லியன் பாக்டீரியாக்கள் உள்ளன. மனித உயிரணுக்கள் சுமார் 30 டிரில்லியன்தான். இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 200 கிராம் இருக்கும். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைக்கின்றன. வைட்டமின் கே போன்றவற்றைத் தயாரிக்கின்றன. நீரிழிவு, உடல் பருமன், குடல் அழற்சி ஆகியவற்றுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள்.

இவற்றை எப்படி எண்ணுகிறார்கள்? குடல் பாக்டீரியா பலவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கடினம். ஆகவே மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். எல்லாப் பாக்டீரியாவிடமும் '16எஸ்' எனப்படும் ஒரு மரபணு உண்டு. ஏறக்குறைய 1,500 எழுத்து நீளமுள்ள இந்த மரபணுவின் சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடும். அமெரிக்க அறிவியலாளர் கார்ல் வோஸ் 1970களில் இந்த மரபணுவின் படியான ஆர்.என்.ஏவை ஒப்பிட்டுத்தான் உயிர்களின் குடும்ப மரத்தையே மாற்றி வரைந்தார். அடையாள அட்டை போன்ற இந்த மரபணுவைப் படித்தால், எந்தப் பாக்டீரியா எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும்.

'விழுக்காடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வழியில் நடப்பது என்ன?

மாதிரி உடலை விட்டு வெளியே வந்ததும் சில மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

முதலாவது, காற்று. பெருங்குடலில் உயிர்வளி மிகக் குறைவு. அங்கே வாழும் பல பாக்டீரியாவுக்கு உயிர்வளி நஞ்சு. எடுத்துக்காட்டாக, நலமான குடலில் ஏராளமாக இருக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் என்ற வகை, காற்றுப் பட்டால் சில நிமிடங்களிலேயே இறந்துவிடும். இறந்த பிறகும் அதன் டிஎன்ஏ சிறிது காலம் மிஞ்சியிருக்கும். ஆனால், டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் அதைத் துண்டு துண்டாக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, வெப்பம். ஈ.கோலை போன்ற பாக்டீரியா காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும். ஆய்வுக்கூடத்தில் நல்ல உணவும் 37 பாகை செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும்.

மூன்றாவது, உறைந்து உருகுவது. நீர் உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் உயிரணுச் சுவரைக் கிழிக்கும். மெல்லிய சுவருள்ள வகைகள் எளிதில் உடையும், தடித்த சுவருள்ளவை தாக்குப்பிடிக்கும். இதனால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மின்தடை ஏற்பட்டு உருகி, மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம் முன்புபோல் இருப்பதில்லை அல்லவா? அப்படித்தான்.

ஒரு கணக்கு போடுவோம்

கற்பனையாக 1,000 பாக்டீரியா உள்ள ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதில் ஈ.கோலை 10, அதாவது 1 விழுக்காடு. நல்ல வகை ஒன்று 200, அதாவது 20 விழுக்காடு. மாதிரி வெயிலில் நிற்கும் வண்டியில் 6 மணி நேரம் இருக்கிறது. ஈ.கோலை மணிக்கு ஒருமுறை மட்டும் இரட்டிப்பாகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்று கொள்வோம்.

10 என்பது 20, 40, 80, 160, 320 என்று ஏறி 640 ஆகிவிடும். மொத்தம் இப்போது 1,630. ஈ.கோலையின் பங்கு 39 விழுக்காடு! நல்ல வகையில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அதன் பங்கு 12 விழுக்காடாக இறங்கிவிட்டது. அறிக்கையைப் படிப்பவர், "இவரது குடலில் நல்ல பாக்டீரியா குறைவு" என்று எழுதிவிடுவார். குறை குடலில் இல்லை, வண்டியில்.

இது வெறும் கற்பனை அல்ல. 'அமெரிக்கன் கட்' என்ற திட்டத்தில் பொதுமக்கள் தங்கள் மாதிரிகளை ஐஸ் இல்லாமல் சாதாரண அஞ்சலில் அனுப்பினார்கள். அஞ்சலில் வரும் வழியில் சில வகைகள் மட்டும் பெருகிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். எவை அப்படிப் பெருகுகின்றன என்று பட்டியலிட்டு, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கும் முறையை 2017இல் வெளியிட்டார்கள்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா நீண்ட கால மக்கள் நல ஆய்வு ஒன்றை நடத்தி வருகிறது. அங்கு வாழும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜக்கூன் பூர்வகுடியினர் ஆகியோரின் குடல் பாக்டீரியாவை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் இனத்துக்கு இனம் குடல் பாக்டீரியாவில் வேறுபாடு இருப்பதாக அது கூறியது. உணவும் பழக்கவழக்கமும் வேறுபடும்போது இது வியப்பல்ல.

இப்படிப்பட்ட ஆய்வு நம் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரில் எடுத்த மாதிரி அரை மணி நேரத்தில் உறைபெட்டிக்குள் போய்விடும். கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் சபாக் பெர்ணம் கம்பங்களிலும் எடுத்தது, வீடு வீடாகச் சுற்றி முடித்து மாலையில்தான் போய்ச் சேரும். இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அது தோட்டத்து மக்களின் குடலில் உள்ள வேறுபாடா, பயண நேரத்தின் வேறுபாடா? சரியாகப் பாதுகாக்காவிட்டால், நகரத்தை விட்டுத் தூரத்தில் வாழ்வதே ஒரு நோய்போல் அறிக்கையில் தெரியும். அதை நம்பி மருந்தோ உணவுத் திட்டமோ வகுத்தால், பாதிக்கப்படுவது அந்த மக்கள்தான்.

தீர்வு என்ன?

மாதிரியை உடனே பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை செல்சியஸில் உறைய வைப்பதே பலரும் நம்பும் முறை. வீட்டு உறைபெட்டி ஏறக்குறைய பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைதான். பனி கட்டாமல் இருக்க அவ்வப்போது தானே சூடாகும் வகை என்றால், மாதிரிக்கு இன்னும் ஆகாது.

உறைபெட்டி இல்லாத இடத்தில்? 2016இல் வெளியான ஓர் ஆய்வு பல முறைகளை 8 வாரம் வரை சோதித்தது. 95 விழுக்காட்டு எத்தனால், அதாவது சாராயச் சத்து, மாதிரியை நன்றாகக் காத்தது. 70 விழுக்காடு அந்த அளவுக்குக் காக்கவில்லை. உங்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கைத்தூய்மிக்கு 70 விழுக்காடுதானே சிறந்தது? ஆம், கிருமியைக் கொல்ல அதுவே சிறந்தது. கிருமியின் புரதத்தைச் சிதைக்கச் சிறிது நீரும் தேவை. ஆனால், இங்கே நோக்கம் டிஎன்ஏவைக் காப்பது. டிஎன்ஏவை வெட்டும் நொதி வேலை செய்யவும் நீர் வேண்டும். நீர் குறைந்தால் அந்த நொதியும் முடங்கும். ஒரே பொருள்தான். நோக்கம் மாறினால் சரியான அளவும் மாறுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. எல்லா மாதிரியையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். எடுத்த நேரம், உறைய வைத்த நேரம் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டில் தோசை மாவு அரைத்ததும், ஒரே மாவை மூன்று ஒரே அளவுக் குவளைகளில் பாதி வரை ஊற்றுங்கள். ஒன்றை மேசை மீதும், ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும், ஒன்றை உறைபெட்டியிலும் வையுங்கள். மாவின் உயரத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். மறுநாள் காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். பிறகு மூன்று குவளைகளையும், தொடக்கத்தைப் பார்க்காத ஒரு நண்பரிடம் காட்டி, "இவை ஒரே மாவா?" என்று கேளுங்கள்.

அவர் "இல்லை" என்று சொன்னால், அவர் மீது குறை இல்லை. அவர் பார்த்தது மாவை மட்டும். அது இரவெல்லாம் எங்கே இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த முறை நாளிதழில் "இந்த மக்களின் குடலில் இது குறைவு" என்ற செய்தியைப் படித்தால், நீங்களும் கேளுங்கள்: மாதிரியை எப்படி வைத்திருந்தார்கள்?