ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் கண் உண்டு!

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரு வாலிபர் தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் திறக்கிறார். தாயாரின் நோயைப் பற்றித் தேடிப் படிக்கிறார். தம்பிக்கு நாலு வரி எழுதுகிறார்.

"இதை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்பது அவர் எண்ணம்.

கம்பெனி நினைத்தால் பார்க்கலாம்!

எப்படி?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து இன்டர்நெட்டுக்குப் போகும் வழி, கம்பெனியின் கையில் இருக்கிறது. அந்த வழியில், வாசல் காவல்காரர் போல ஒரு கருவி இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர், எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்குப் போயிற்று என்று அது குறித்துக்கொள்ளும். போகக்கூடாத இடம் என்றால் கதவை அடைத்துவிடும். திரையில் தெரிவதைப் படம் பிடிக்கும் புரோகிராம்களும் உண்டு.

பார்த்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால்? கம்பெனியின் குறிப்பு அப்படியே இருக்கும்!

கம்பெனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடிக்கைக்காரர்களின் கணக்கு விவரம் வெளியே போய்விடக்கூடாது. வைரஸ் உள்ளே வந்துவிடக்கூடாது.

45 பக்கம்!

ருமேனியா நாட்டில் 2007-ம் ஆண்டு நடந்தது இது. பார்புலெஸ்கு என்ற என்ஜினீயர், ஆபீஸ் வேலைக்கான கணக்கில் இருந்து தம்முடைய சகோதரருக்கும், மணக்க இருந்த பெண்ணுக்கும் செய்தி அனுப்பினார். கம்பெனி அதை எல்லாம் 45 பக்கமாக எடுத்து அவர் முன் வைத்தது. வேலை போயிற்று!

அவர் விடவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு வரை போனது. 2017 செப்டம்பர் 5-ந்தேதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. "எதை, எவ்வளவு தூரம் கண்காணிப்போம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா?" இதை ருமேனிய கோர்ட்டுகள் சரியாகப் பார்க்கவில்லை என்பது தீர்ப்பின் முக்கியமான அம்சம்.

நம் நாட்டில்?

அதே ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நமது சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பு அளித்தார்கள். ஆனால், 2023-ம் ஆண்டு இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், கம்பெனி ரகசியம் வெளியே போகாமல் தடுப்பது போன்ற காரியங்களுக்காக ஊழியர்களின் தகவலைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது.

ஆகவே, வேலையில் சேரும்போது தரும் விதிகளைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். கண்காணிப்பு உண்டா என்று கேளுங்கள். வீட்டு விஷயம், வைத்திய விஷயம், பாங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சொந்த செல்போனில், சொந்த இணைப்பில் பாருங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 1912-ம் ஆண்டு, சென்னைத் துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். வேலை முடிந்ததும் அங்கேயே சொந்தக் கணக்குப் போடுவார். மேலதிகாரி நாராயண ஐயர் அதைக் கண்டார். கோபிக்கவில்லை, கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார்! அடுத்த ஆண்டு திருவல்லிக்கேணியில் குடியிருந்த அந்தக் குமாஸ்தாதான், கணித மேதை ராமானுஜன்.

ஊழியரைக் கவனிக்கட்டும், ஆனால் மனிதராக நினைத்துக் கவனிக்கட்டும்!