படம் பார்த்தோம்... மார்க் போட்டோம்!

விடுமுறையில் என்னவெல்லாம் செய்தீர்கள்? தாத்தா ஊருக்குப் போனது, தெருவில் கிரிக்கெட் ஆடியது எல்லாம் போக, மிச்ச நேரம் முழுக்கப் படம்தானே?

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அக்கா பிள்ளைகள் இருவரும் லீவுக்கு வந்திருந்தார்கள். பையன் எட்டாம் வகுப்பு. சண்டைப் படம் என்றால் சாப்பாடு கூட வேண்டாம். பெண் ஐந்தாம் வகுப்பு. எந்தப் படம் போட்டாலும், "இது நிஜமா மாமா?" என்று ஒரே கேள்வி!

மொத்தம் ஐந்து படங்கள் பார்த்தோம். ஒவ்வொரு படம் முடிந்ததும் மூவரும் பத்துக்கு மார்க் போட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். இதோ எங்கள் ரிசல்ட்!

ஜுராசிக் பார்க் (1993)

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படம். டைனோசர்களை மறுபடி உருவாக்கி, ஒரு தீவில் பூங்கா அமைக்கிறார்கள். வேலி அறுந்தால் என்ன ஆகும்? அதுதான் கதை. மழையில் அந்தப் பெரிய டி. ரெக்ஸ் காரை முட்டும்போது மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தோம்.

அதன் உறுமல் எப்படி வந்தது தெரியுமா? குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து செய்தார்களாம்!

நிஜமா? டி. ரெக்ஸ் ஜுராசிக் காலத்து விலங்கே அல்ல. அந்தக் காலம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. டி. ரெக்ஸ் வாழ்ந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரெடேசியஸ் காலத்தின் கடைசியில். ஆள் உயரத்துக்குக் காட்டப்படும் வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான். உடம்பில் இறகும் உண்டு. ஆனால் இறகு விஷயத்தில் படக்குழுவைக் குறை சொல்ல முடியாது. இறகுள்ள டைனோசரின் புதைபடிவம் முதன்முதலில் சீனாவில் கிடைத்ததே 1996-ல்தான்!

மார்க்: பையன் 9, பெண் 8, நான் 9.

ஸ்டார் வார்ஸ் (1977)

ஜார்ஜ் லூகாஸின் விண்வெளிச் சண்டைப் படம். ஒளிவாள் சுழல்கிறது, விண்கலங்கள் 'விர்'ரென்று சீறுகின்றன. படம் முடிந்ததும் வீட்டில் இருந்த துடைப்பக்குச்சி எல்லாம் ஒளிவாள் ஆகிவிட்டது!

நிஜமா? விண்வெளியில் அத்தனை சத்தம் கேட்கவே கேட்காது. ஒலி பரவக் காற்று மாதிரி ஏதாவது ஓர் ஊடகம் வேண்டும். அங்கேதான் அது இல்லையே! எதிரிகளின் விண்கல ஓசையை, யானையின் பிளிறலோடு ஈரச் சாலையில் கார் ஓடும் சத்தத்தைக் கலந்து உருவாக்கியவர் பென் பர்ட். சத்தம் பொய்தான். ஆனாலும் அது இல்லாமல் இந்தப் படத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்க்: பையன் 10, பெண் 6, நான் 8.

கிராவிட்டி (2013)

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய படம். விண்வெளிக் குப்பை மோதி விண்கலம் நொறுங்குகிறது. தனியாக மிதக்கும் ஒரு பெண் எப்படிப் பூமிக்குத் திரும்புகிறார் என்பது கதை. இங்கே விண்கலம் சிதறும்போது வெடிச்சத்தம் கிடையாது! "டி.வி. ரிப்பேரா மாமா?" என்றான் பையன். இல்லை, இவர்கள் இயற்பியல் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள்!

நிஜமா? விண்வெளிக் குப்பை நிஜமான ஆபத்துதான். ஒரு துண்டு மோதி, அது பல துண்டாகி, அவை மேலும் மோதும் சங்கிலி நிகழும் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எச்சரித்தார். ஆனால் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மிதந்தபடியே போவது நடக்காது. இரண்டும் சுற்றும் உயரமும் வேறு, பாதையும் வேறு.

மார்க்: பையன் 6, பெண் 9, நான் 9.

இன்டர்ஸ்டெல்லார் (2014)

கிறிஸ்டோபர் நோலன் இயக்கியது. பூமியில் பயிர்கள் அழிகின்றன. மனிதர்கள் வாழ வேறு கிரகம் தேடி ஒரு அப்பா கிளம்புகிறார். ஒரு கிரகத்தில் அவர் கழிக்கும் 1 மணி நேரம், பூமியில் 7 வருடம்! திரும்பி வந்து, வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளின் வீடியோவைப் பார்த்து அவர் அழும் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. பெண் அதற்குள் தூங்கியே போய்விட்டாள். நீளமான படம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நிஜமா? ஈர்ப்புவிசை கூடினால் நேரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்ன உண்மை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்களில் கூட இதற்காகத் திருத்தம் செய்கிறார்கள். படத்துக்கு ஆலோசகராக இருந்த விஞ்ஞானி கிப் தோர்ன், 2017-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கருந்துளைக்குள் விழுந்தவர் பிழைத்து வருவது? அது முழுக்கக் கற்பனை!

மார்க்: பையன் 7, பெண் 4, நான் 9.

போலீஸ் ஸ்டோரி (1985)

ஹாங்காங் நாயகன் ஜாக்கி சானின் அதிரடிப் படம். கடைசியில், பெரிய வணிக வளாகத்தில் உயரமான கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறார். பையன் கைதட்டினான். அப்புறம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை அவன் பார்த்த பார்வையே சரியில்லை!

"இதுவும் பொய்தானே மாமா?" என்றாள் பெண்.

இல்லை குட்டீஸ். இது நிஜம், அதனால்தான் ஆபத்து! மற்ற நான்கு படங்களிலும் பொய்யை நிஜம் போலக் காட்டினார்கள். இங்கே ஜாக்கி நிஜமாகவே குதித்தார். கம்பத்தில் சுற்றியிருந்த விளக்குகளின் சூட்டில் அவருடைய கைகள் வெந்துபோயின, முதுகிலும் அடி. அடுத்த ஆண்டு வெளியான 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து, மண்டை ஓடு உடைந்து, அவசர அறுவை சிகிச்சை நடந்தது. சிறு வயதிலிருந்தே ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவருக்கே இந்த நிலை!

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அடிபட்ட காட்சிகளையும் காட்டுவது ஜாக்கியின் வழக்கம். பையனை உட்கார வைத்து அதையும் பார்க்கச் சொன்னேன். பேச்சே இல்லை. தண்ணீர்த் தொட்டியை அதன்பின் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்க்: பையன் 10, பெண் 8, நான் 8.

நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?

எங்கள் மூவரின் மார்க் ஒரு படத்துக்குக்கூட ஒத்துப்போகவில்லை, பார்த்தீர்களா? அதில் தப்பே இல்லை. பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்த முறை படம் பார்த்ததும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள். எந்தக் காட்சி பிடித்தது, ஏன்? அதில் எது உண்மை, எது கற்பனை? அதை எப்படிப் படமாக்கியிருப்பார்கள்? பதில் தெரியாவிட்டால் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். நன்றாக ரசியுங்கள் குட்டீஸ். ஆனால் திரையில் பார்த்ததையெல்லாம் நம்பிவிடாதீர்கள், செய்தும் பார்க்காதீர்கள்!