பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள்!

1846-ம் ஆண்டு. இங்கிலாந்து தேசத்தில் நாட்டிங்காம் என்ற நகரம். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பிராட் தெருவில் உள்ள மெதடிஸ்ட் கோவிலில் ஊர்ப் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு கூடி இருந்தார்கள். நல்ல உடை, நல்ல ஆசனம்.

அப்போது 17 வயது வாலிபர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. கிழிந்த சட்டை, அழுக்கு முகம். ஏழைகள் குடியிருந்த சந்துகளில் இருந்து வந்தவர்கள் அவர்கள்.

வாலிபர் அவர்களை நேராக அழைத்துப் போய் நல்ல ஆசனங்களில் உட்கார வைத்தார். கோவிலில் இருந்தவர்கள் திகைத்தார்கள்.

அந்த வாலிபரின் பெயர் வில்லியம் பூத். பிற்காலத்தில் "இரட்சணிய சேனை"யைத் தொடங்கியவர் இவரே.

ஆராதனை முடிந்ததும் அவருக்குப் பாராட்டுக் கிடைத்ததா? இல்லை. இனிமேல் இவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்து வர வேண்டும், ஏழைகளுக்கென்று போட்டிருக்கும் பெஞ்சுகளில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லி விட்டார்கள்.

கவனியுங்கள்! வரவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முன்வாசல் வழியாக வரக்கூடாது என்றுதான் சொன்னார்கள்.

ஆசனத்துக்கு வாடகை

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கோவில்களில் ஆசனங்களுக்கு வாடகை உண்டு. பணம் கட்டிய குடும்பத்துக்கு முன்வரிசை கிடைக்கும். பணம் இல்லாதவர்களுக்கு ஓரத்தில் வெறும் பெஞ்சுதான்.

கிறிஸ்தவர்கள் "கிருபை" என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். தகுதி பார்க்காமல், விலை வாங்காமல் கடவுள் கொடுப்பது என்று அதற்குப் பொருள். அது கூலி அல்ல, இனாம். அப்படிப்பட்ட கிருபையைப் பற்றிப் பேசும் இடத்தில் ஆசனத்துக்கு வாடகை வாங்கினார்கள்!

பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தங்க மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தல் துணிக்காரனைக் கீழே உட்காரச் சொல்வது தவறு என்று அதில் கண்டித்து எழுதி இருக்கிறார். நாட்டிங்காமில் அந்தத் தவறுதான் அப்படியே நடந்தது.

அந்தக் கோவிலின் போதகர் சாமுவேல் டன். அவர் கெட்டவர் அல்ல. பூத்துக்குப் பிரசங்கம் செய்ய ஊக்கம் கொடுத்தவரே அவர்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். மூன்று ஆண்டு கழித்து, 1849-ல், சபையில் ஏற்பட்ட தகராறில் அவரையே மெதடிஸ்ட் சபை வெளியேற்றி விட்டது!

அடகுக்கடைப் பையன்

பூத்துக்கு ஏழைகள் மீது இவ்வளவு பாசம் எப்படி வந்தது?

அவருக்கு 13 வயது இருக்கும்போது தகப்பனார் இறந்தார். குடும்பம் நொடித்து விட்டது. பையன் ஓர் அடகுக்கடையில் வேலை பார்த்தான்.

ஏழையின் வீட்டு நிலவரம் அடகுக்கடைக்காரனுக்குத் தெரிவது போல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த நாளில் ஏழைப் பெண்கள் திங்கட்கிழமை நல்ல துணியை அடகு வைப்பார்கள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்பார்கள். மீட்க முடியாத வாரம் கோவிலுக்குப் போக உடுப்பு ஏது?

"இந்த ஏழைகளுக்குப் பக்தி இல்லை" என்று ஊரார் சொன்னார்கள். அவர்களிடம் இல்லாதது பக்தியா, துணியா என்பது அந்தப் பையனுக்குத் தெரியும்.

சேனை பிறந்தது

பூத் பிறகு மெதடிஸ்ட் போதகர் ஆனார். 1861-ல் அந்த வேலையை விட்டார். 1865-ல் லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில், ஒரு மதுக்கடை வாசலில் நின்று பிரசங்கம் செய்தார். அந்த மதுக்கடைக்குப் பெயர் "குருட்டுப் பிச்சைக்காரன்"!

குடிகாரர்கள், சூதாடிகள், திருடர்கள் பலர் மனம் திருந்தினார்கள். தனியாக ஒரு சபை தொடங்க வேண்டும் என்று பூத் நினைக்கவில்லை. திருந்தியவர்களைப் பக்கத்தில் உள்ள கோவில்களுக்கு அனுப்பினார்.

பலர் போக மறுத்தார்கள். போனவர்களை அங்கே யாரும் விரும்பவில்லை. மறுபடியும் பின்வாசல் கதைதான்!

ஆகவே அவர்களை வைத்தே வேலை செய்யத் தொடங்கினார். நேற்றுக் குடித்து விழுந்து கிடந்தவன் இன்று மேடையில் ஏறித் தன் கதையைச் சொன்னான். 1878-ல் அந்தக் கூட்டத்துக்கு "இரட்சணிய சேனை" என்று பெயர் வந்தது.

பெண்களும் பிரசங்கம் செய்தார்கள். பெண் பிரசங்க மேடை ஏறுவதா என்று பெரும்பாலான சபைகள் முகம் சுளித்த காலம் அது. பூத்தின் மனைவி காதரைன் மிகச் சிறந்த பேச்சாளி.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. போக்கிரிகள் "எலும்புக்கூட்டுச் சேனை" என்று பெயர் வைத்துக் கொண்டு, ஊர்வலங்கள் மீது கல்லையும் அழுகிய முட்டையையும் எறிந்தார்கள். பல ஊர்களில் அடிபட்டவர்களைத்தான் போலீசார் பிடித்துப் போனார்கள்!

பாலத்தின் மீது படுக்கை

1887-ம் ஆண்டு ஓர் இரவு. பூத் லண்டன் பாலத்தைக் கடந்து வந்தார். பாலத்தின் ஒதுக்குப்புறங்களில் மனிதர்கள் குளிரில் சுருண்டு படுத்திருந்தார்கள்.

அன்று அவர் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் மகன் பிராம்வெல்லைக் கூப்பிட்டு, இவர்களுக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றார். மறு ஆண்டே வீடற்றவர்களுக்கு மலிவு விலையில் சாப்பாடும் படுக்க இடமும் தரும் விடுதி திறக்கப்பட்டது.

விலைமாதர்களாக இருந்த பெண்களுக்கு அதற்கு முன்பே, 1884-ல், ஒரு வீடு ஏற்பட்டு இருந்தது. சேனையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, போக்கிடம் இல்லாத பெண்களைத் தன் சொந்த வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக் கொண்டாள். அதில் இருந்து வளர்ந்ததுதான் அந்த வீடு.

1890-ல் பூத் ஒரு புத்தகம் எழுதினார். அதில் குதிரையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. லண்டன் தெருவில் வண்டிக்குதிரை விழுந்தால், அது ஏன் விழுந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். அந்தக் குதிரைக்குத் தீனியும் லாயமும் வேலையும் உண்டு. மனிதனுக்கு அந்த அளவாவது கிடைக்கக் கூடாதா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த வரையில், கிருபைக்கு இதைவிட எளிதான விளக்கம் கிடையாது.

1891-ல் சேனை ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை திறந்தது. அப்போது தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற விஷப்பொருளைப் பூசுவார்கள். அந்த நெடி பட்டுத் தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகும். பூத் ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரசைப் பயன்படுத்தினார். மற்ற இடங்களில் 144 பெட்டிக்கு இரண்டரைப் பென்ஸ் கூலி. இங்கே 4 பென்ஸ்! வியாபாரம் தாக்குப் பிடிக்காமல் 1901-ல் ஆலை மூடப்பட்டது. ஆனாலும் 1908-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடுக்க இங்கிலாந்தில் சட்டமே வந்தது.

நம் நாட்டில்

இந்தியாவுக்குச் சேனை 1882-ல் வந்தது. கொண்டு வந்தவர் பிரடரிக் டக்கர். ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறியவர்! காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்து, பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். பெயரையும் "பக்கீர் சிங்" என்று வைத்துக் கொண்டார். நாகர்கோவிலில் காதரைன் பூத் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி இருப்பது குமரி மாவட்டத்தாருக்குத் தெரியும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அரசாங்கம் சில வகுப்பாரைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. அவர்களை வைத்திருந்த குடியிருப்புகள் சிலவற்றைச் சேனை நடத்தியது. ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடம், தொழில் எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் வெளியூர் போக முடியாது. உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக் கொள்வது வரவேற்பு ஆகுமா? அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகே ஒழிந்தது.

கடைசி ஊர்வலம்

பூத்துக்குக் கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. 1912-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, 83-வது வயதில் இறந்தார். அவருக்காக லண்டனில் ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள்.

அரசி மேரியும் வந்தார். முன்கூட்டித் தகவல் கொடுக்கவில்லை. அதனால் அவருக்கு முன்வரிசையில் இடம் போடவில்லை. பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார்.

அவர் பக்கத்தில் எளிய உடை உடுத்திய ஒரு பெண் இருந்தாளாம். ஒரு காலத்தில் தெருவில் நின்றவளாம். சேனை அவளை மீட்டு வாழ வைத்ததாம். பூத்தின் சவப்பெட்டி மீது வைப்பதற்காக வாடிய பூக்கள் மூன்றைக் கொண்டு வந்திருந்தாள் என்று சொல்கிறார்கள்.