பழைய கொலுசு என்ன விலை போகும்?

பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். பீரோவில் கிடப்பதோ 100 கிராம் கொலுசு. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு அம்மா சவுகார்பேட்டைக்குப் போகிறார். உரசிப் பார்த்த கடைக்காரர், "70 டச்தாம்மா" என்கிறார். அம்மாவின் முகம் வாடிவிடுகிறது.

டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. மீதி பெரும்பாலும் செம்புதான். ஆக, 70 கிராம் வெள்ளிக்கே பணம். பி.ஐ.எஸ். முத்திரையோடு 925 என்றிருந்தால் 92.5 கிராம். கல், அரக்கு எடையைக் கழிப்பார்கள். கொடுத்த செய்கூலி போனது போனதுதான்.

ஜெர்மன் சில்வர் குத்துவிளக்கா? அதில் வெள்ளி பொட்டுக்கூடக் கிடையாது! செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

வீட்டிலேயே எடை பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 'டச்' சந்தேகமா? மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். (கனமாக முலாம் பூசியிருந்தால் மெஷினும் ஏமாறும்!) அப்புறம் பக்கத்துக் கடையிலும் கேளுங்கள்.