ஸீ கிளவுட்: பாய்மரம் இழந்த காலம்

கையில் காசிருந்தால் இன்றைக்கும் 'ஸீ கிளவுட்' கப்பலில் ஏறி, மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் அம்மையாரின் அறையிலேயே தூங்கலாம். நடுக்கடலில் பளிங்குக் கணப்பு. குளியலறையில் தங்க முலாம் பூசிய அன்னப்பறவைக் குழாய்கள். தானிய உணவு வியாபாரத்தில் கொழித்த குடும்பத்தின் ஒரே வாரிசு அவர். கணவர் ஹட்டனோடு சேர்ந்து 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டுவித்த நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பல் இது. அப்போது பெயர் 'ஹுஸ்ஸார்'. விவாகரத்துக்குப் பின் கப்பல் அம்மையாருக்கு வந்தது, பெயரும் மாறியது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. விரட்டப் போதுமான ரோந்துக் கப்பல்கள் இல்லை, புதிதாகக் கட்டி முடிக்க அவகாசமும் இல்லை. பணக்காரர்களின் உல்லாசக் கப்பல்கள் மேல் அரசின் கண் விழுந்தது. சின்னப் பாய்ப்படகுகளையும் விடவில்லை. எஞ்சினை நிறுத்திப் பாயில் போனால் நீர்மூழ்கிக்குச் சத்தம் கேட்காது!

ஸீ கிளவுட் ஆண்டுக்கு 1 டாலர் வாடகையில் கடலோரக் காவல்படைக்குப் போனது. பாய்மரங்களைக் கழற்றிவிட்டு உடம்பு முழுக்கச் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். மேல்தளத்தில் பீரங்கிகளும் நீர்மூழ்கியைத் தாக்கும் குண்டுகளும் ஏறின. வட அட்லாண்டிக்கில் குறித்த இடத்தில் நின்று வானிலையை அளந்து சொல்வதும் ரோந்தும்தான் வேலை.

அந்த மொட்டைக் கோலத்தில்தான் அது பார்க்க வேண்டிய கப்பலாக இருந்தது என்பேன். காரணம், 1943 கடைசியில் பொறுப்பேற்ற தலைவர் கார்ல்டன் ஸ்கின்னர். முன்பு வேறொரு கப்பலில், எஞ்சின் வேலையில் கைதேர்ந்த ஒரு கறுப்பின மாலுமி, நிறத்துக்காகவே பரிமாறும் வேலையில் நிறுத்தப்பட்டிருந்ததைப் பார்த்தவர் அவர். கறுப்பினத்தவரை எல்லா வேலைக்கும் தாருங்கள் என்று மேலிடத்தில் கேட்டார். கிடைத்தார்கள், அதிகாரிகள் உட்பட. வெள்ளையரோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே முறையில் காவல் நின்றார்கள். இதை விளம்பரமாக்கக் கூடாது என்பதில் ஸ்கின்னர் பிடிவாதம். கப்பல் வழக்கமான தணிக்கையில் தேறியது. அவருக்கு அது போதும். அமெரிக்கப் படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் அதிபர் ட்ரூமனின் ஆணை 1948இல்தான் வந்தது.

ஓவியர் ஜேக்கப் லாரன்ஸும் அந்த மாலுமிகளில் ஒருவர். கடலோரக் காவல்படைக்காக அவர் தீட்டியவற்றை 1944இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவற்றில் பல பின்னர் தொலைந்துபோயின.

போர் முடிந்ததும் அம்மையார் பாய்மரங்களை மறுபடி நாட்டினார். 1955இல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ரூஹியோ கைக்குப் போய், பல பெயர் மாறி, பனாமாவில் துருப்பிடித்துக் கிடந்ததை 1978இல் ஜெர்மானியர் சிலர் வாங்கிப் புதுப்பித்தார்கள். இப்போது 64 பயணிகளுக்கு இடம். பாய்களை மாலுமிகள் மரமேறிக் கையால்தான் விரிக்கிறார்கள். புதுப்பித்தது 1931இன் கப்பலை. 1943இன் கப்பலில் தூங்க யார் காசு கொடுப்பார்கள்?