கவசத்தைக் கழற்றும் ஏலம்

ஏலம் என்றதும் விலை ஏறுவதுதான் முதலில் மனதில் வரும். யாழ்ப்பாணத்தார் ஆடும் 304 சீட்டாட்டத்தில் கேள்வி 160-இல் தொடங்கி மேலே போகும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்ட புள்ளியை எடுத்துக் காட்ட வேண்டும். இறங்குமுகமான ஏலமும் நமக்குப் பழக்கம்தான். ஏலச் சீட்டில், பணமுடை அதிகமுள்ளவர் அதிகத் தள்ளு சொல்லிச் சீட்டை எடுக்கிறார். எடுத்தவரைப் பார்த்து ‘ஜெயித்தார்’ என்று யாரும் கைதட்டுவதில்லை. ‘வெல்கம் டு த டஞ்சன்’ என்ற சின்னஞ்சிறு ஆட்டம் இந்த இரண்டாவது வகை. ஜப்பானைச் சேர்ந்த மசாடோ உயெசுகி வடிவமைத்தது. பிரான்சின் இயெல்லோ நிறுவனம் வெளியிட்டபின் பல நாட்டு மேசைகளுக்குப் போனது. இதில் தள்ளிக்கொண்டே போவது பணத்தை அல்ல, உயிரைக் காக்கும் கருவிகளை. இவ்வளவு குறைந்த கருவியோடும் நிலவறைக்குள் போய்த் திரும்ப முடியும் என்று கடைசிவரை விலகாமல் நிற்பவர் யாரோ, அவர் போயே ஆக வேண்டும்.

விதிகளை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். மேசை நடுவில் ஒரு வீரன், அவனுக்கு ஆறு கருவிகள். பக்கத்தில் 13 பூதச் சீட்டுகள் கவிழ்த்த கட்டாக இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒன்று ‘பாஸ்’ சொல்லி அந்தச் சுற்றை விட்டு விலகலாம், அல்லது மேல்சீட்டை எடுத்து ரகசியமாகப் பார்க்கலாம். பார்த்தபின் பாஸ் சொல்ல முடியாது. அந்தச் சீட்டைக் கவிழ்த்தபடியே நிலவறைக்குள் போட வேண்டும்; இல்லையென்றால் அதைத் தன் முன்னால் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதற்கு விலையாக வீரனின் கருவி ஒன்றைக் கழற்றி எறிய வேண்டும். எல்லாரும் விலகி ஒருவர் மிஞ்சியதும் அவர் உள்ளே போகிறார். நிலவறைச் சீட்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பப்படும். கருவிகள் தடுக்கிற பூதம் சாகும். தடுக்காத பூதம் தன் பலத்தின் அளவுக்கு உயிர்ப்புள்ளியைத் தின்னும். புள்ளி மிஞ்சினால் ஒரு வெற்றி, தீர்ந்தால் ஒரு தோல்வி. இரண்டு வெற்றி கண்டவர் ஆட்டத்தை வென்றார். இரண்டு தோல்வி கண்டவர் வெளியேறுவார். மற்றவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால் எஞ்சியவர் வென்றார்.

பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்தால் பூதங்களிடமிருந்து தப்பிக்கும் ஆட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. குட்டிச்சாத்தான், எலும்புக்கூடு, ஓர்க், ரத்தக்காட்டேரி, களிமண் பூதம் ஆகிய ஐந்தும் இரண்டிரண்டு சீட்டுகள். பலம் முறையே 1, 2, 3, 4, 5. அவற்றுக்கு மேல், செத்தும் சாகாத மந்திரவாதி 6, அரக்கன் 7, டிராகன் 9 என்று ஒவ்வொரு சீட்டு. மொத்த பலம் 52. ஒரு சீட்டுக்குச் சராசரி சரியாக 4. வீரர்களில் போர்வீரனை எடுத்துக்கொள்வோம். அவன் உடம்பில் 3 புள்ளி, மார்புக்கவசம் 5, கேடயம் 3, ஆக 11. தீப்பந்தம் 3-உம் அதற்குக் கீழும் பலமுள்ளவற்றை எரிக்கும். புனிதக் கிண்ணம் இரட்டைப்படைப் பூதங்களை அழிக்கும். டிராகன் ஈட்டியின் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. வோர்ப்பல் வாள், உள்ளே போகுமுன் பெயர் சொன்ன பூதத்தை வெட்டும். (‘வோர்ப்பல்’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் தேட வேண்டாம், லூயிஸ் கரோல் 1871-இல் ஒரு விளையாட்டுக் கவிதைக்காக உருவாக்கியது.) இப்போது 13 பூதங்களையும் உள்ளே அடைத்துவிட்டு, ஆறு கருவிகளும் குறையாத போர்வீரனை அனுப்பிப் பாருங்கள். பந்தமும் கிண்ணமும் சேர்ந்து 26 பலத்தை, அதாவது மொத்தத்தில் சரிபாதியைத் தடுத்துவிடும். ஈட்டி 9-ஐ எடுக்கும். மிச்சம் அரக்கனும் இரண்டு களிமண் பூதங்களும். வாளுக்கு அரக்கன் பெயரைச் சொன்னால் அடி 10, உயிர் 11. ஒரு புள்ளியோடு வெளியே வந்துவிடுவான்.

ஆக, நிறைந்த நிலவறைகூட முழுக் கருவியோடு போகிற போர்வீரனைக் கொல்லாது. அவனைக் கொல்வது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கழற்றி எறிந்த கருவிகள். ஆட்டத்தை முதன்முதலில் ஆடுகிறவர்கள் நிலவறைக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதிலேயே மூளையைச் செலவழிக்கிறார்கள். என் வாதம் இதுதான்: உள்ளே போன சீட்டுகளை நீங்கள் பார்க்க முடியாது, கழன்ற கருவிகளையோ எல்லாரும் பார்க்கிறார்கள். திறமையெல்லாம் அந்தக் கழற்றலைச் சாட்சியமாகப் படிப்பதில் இருக்கிறது.

படிப்பதற்கு முன் ஒவ்வொரு கருவியின் விலை தெரிய வேண்டும். தீப்பந்தம் ஆறு சீட்டுகளைத் தடுக்கிறது என்பதால் புதியவர்கள் அதைக் கட்டிக்காப்பார்கள். ஆனால் அந்த ஆறின் மொத்த பலம் 12 மட்டுமே. கிண்ணம் தடுப்பது ஐந்து சீட்டுகள், பலமோ 18. கவசத்தின் கணக்கு வேறு. அது எந்தப் பூதத்துக்கும் பொருந்தும், ஆனால் நிலவறை எவ்வளவு ஆழமானாலும் 5-க்கு மேல் தராது. எந்தெந்தச் சீட்டு உள்ளே என்று தெரியாத நிலையில், ஒவ்வொரு சீட்டும் கிண்ணத்தின் மதிப்பைச் சராசரியாக 1.4 கூட்டுகிறது, பந்தத்தின் மதிப்பை 0.9 கூட்டுகிறது. எனவே நிலவறையில் மூன்று சீட்டு இருக்கும்வரை கவசம்தான் உசத்தி. நாலாவது சீட்டில் கிண்ணம் அதைத் தாண்டும். பந்தம் தாண்டுவதற்கு ஆறு சீட்டு ஆக வேண்டும். உள்ளே போட வேண்டும் என்று மெனக்கெட்டுப் போடப்படுபவை பெரும்பாலும் பெரிய பூதங்கள் என்பதால், பந்தத்தின் உண்மையான மதிப்பு இதைவிடவும் குறைவு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒருவர் கவசத்தைக் கழற்றுகிறார் என்றால் அது கை தவறியதல்ல. யாரும் போக முடியாதபடி செய்ய நினைக்கிறார்.

உதார் விடுவதன் நுட்பம் இங்கேதான். ஒருவர் சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒரு கருவியைக் கழற்றுகிறார். அவருக்கு அரக்கன் வந்து, தான் போகும் பாதையை முன்கூட்டியே சுத்தம் செய்திருக்கலாம். வந்தது வெறும் குட்டிச்சாத்தானாகவும் இருக்கலாம். அதைச் சாக்காக வைத்துக் கருவியைப் பறித்துவிட்டு, அடுத்த முறை நழுவப் போகிறார். செய்கை ஒன்றே, நோக்கம் நேரெதிர். 1944-இல் வான் நாய்மனும் மோர்கென்ஸ்டெர்னும் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு என்று தனியாக ஓர் ஆய்வு உண்டு. நடுத்தரக் கையோடு உதார் விடக் கூடாது, மோசமான கையோடுதான் விட வேண்டும் என்பதும், நல்ல கைக்குரிய பந்தயமும் உதாரும் வெளியே ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதும் அதன் சாரம். போக்கரில் அந்த ஒற்றுமையைப் பழகிச் சம்பாதிக்க வேண்டும். இந்த ஆட்டம் அதை விதியிலேயே கொடுத்துவிடுகிறது. வாயால் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைச் சுளித்துப் பாவ்லா காட்டுகிறவர்கள் தேவையில்லாமல் உழைக்கிறார்கள்.

மூன்று பேர் ஆடும் ஒரு சுற்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். போர்வீரன், ஆறு கருவிகள். முதலாமவருக்குக் குட்டிச்சாத்தான் வருகிறது, உள்ளே போடுகிறார். இரண்டாமவருக்கு டிராகன், அதுவும் உள்ளே. மூன்றாமவருக்கு ரத்தக்காட்டேரி, அதை வைத்துக்கொண்டு டிராகன் ஈட்டியைக் கழற்றுகிறார். ஒரே பூதத்துக்கு மட்டும் ஆகிற கருவி, போனால் போகட்டும் என்பது அவர் எண்ணம். தான் பார்த்த ஒன்று போக மீதி 12 சீட்டுகளில் இரண்டு உள்ளே இருக்கின்றன. டிராகன் அவற்றில் ஒன்றாக இருக்க ஆறில் ஒரு வாய்ப்பு. தப்பான கணக்கல்ல. அடுத்த வலம். முதலாமவர் களிமண் பூதம் ஒன்றை உள்ளே போடுகிறார். இரண்டாமவருக்கு எலும்புக்கூடு கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு வாளைக் கழற்றுகிறார். இந்த இடத்தில் மூன்றாமவர் நின்று யோசித்திருக்க வேண்டும். ஈட்டி போனபின் டிராகனுக்கு எதிரான ஒரே காப்பு வாள்தான். கேடயமும் பந்தமும் இருக்க, வாளைத் தேடிப்பிடித்து ஏன் கழற்றினார்? மூன்றாமவர் யோசிக்காமல் ஒரு சீட்டை எடுக்கிறார், ஓர்க். பந்தம்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக உள்ளே போடுகிறார். முதலாமவர் பாஸ். இரண்டாமவர் பாஸ். மூன்றாமவர் உள்ளே போகிறார். ஓர்க் எரிகிறது, களிமண் பூதம் 5 எடுக்கிறது, மிச்சமிருந்த 6-ஐ டிராகன் விழுங்குகிறது. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: என் கணக்கில் இரண்டாமவர் ஆடியதும் முதல் தரமல்ல. டிராகன் உள்ளே இருப்பது அவர் ஒருவருக்கே தெரியும். வாளை விட்டுவைத்து, தானே கடைசிவரை நின்று, டிராகன் பெயரைச் சொல்லி உள்ளே போயிருந்தால் அவருக்கு ஒரு வெற்றி கிடைத்திருக்கும். அவர் அதை விட்டு, எதிராளி ஒருவருக்கு ஒரு தோல்வியை வாங்கிக்கொடுத்தார்.

மூன்றாமவருக்கு நேர்ந்ததற்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் வராதது ஏன் என்பது கேள்வி. எல்லாரும் நிலத்தின் மதிப்பை ஊகிக்கிறார்கள். அந்த ஊகங்களில் எவருடையது மிகையானதோ அவரே ஏலத்தை எடுக்கிறார். ஆகவே எடுத்ததே மிகை மதிப்பீட்டுக்குச் சான்று. பொருளியலில் இதை ‘வென்றவர் சாபம்’ என்கிறார்கள். நிலவறை ஆட்டத்தில் சாபம் இன்னும் கூர்மையானது. மற்றவர்கள் விலகியது வெறும் ஊகத்தால் அல்ல. நீங்கள் பார்க்காத சீட்டுகளைப் பார்த்தபின் விலகியிருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு பாஸும் ஒரு செய்தி. பாஸ் எப்போது வந்தது என்பது அதைவிடப் பெரிய செய்தி: கருவியைக் கழற்றிய அடுத்த முறையே வந்தால் அது கிட்டத்தட்ட ஒப்புதல் வாக்குமூலம். செய்தி உங்களை எட்டும்போது நீங்கள் கடைசி ஆளாக இருந்தால் பயனில்லை. இருவர் மிஞ்சியிருக்கும்போது சீட்டை எடுப்பது, ‘அடுத்தவர் பாஸ் சொன்னால் நான் போகத் தயார்’ என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

அப்படியானால் முதல் முறையிலேயே பாஸ் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்களுக்குத் தோல்வி வராது. ஆனால் எல்லாரும் அப்படியே செய்தால் கடைசி ஆள் முழுக் கருவியோடு, ஒரு சீட்டுகூட இல்லாத அல்லது ஒன்றே உள்ள நிலவறைக்குள் போய் வெற்றியோடு திரும்புவார். இரண்டு முறை திரும்பினால் ஆட்டம் முடிந்தது. யாராவது நின்று கருவியைக் கழற்றியாக வேண்டும். அந்த வேலையை மற்றவர் செய்யட்டும் என்றே எல்லாரும் நினைப்பார்கள். மேலும், ஒவ்வொரு முறையும் சீக்கிரம் விலகுகிறவரின் பாஸில் செய்தி ஒன்றும் இல்லை. அவர் நிற்கும் ஒரே ஒரு முறை மட்டும் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

எந்தச் சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம்தானே என்பது அடுத்த ஆட்சேபம். வருவது அதிர்ஷ்டம்தான். 1967-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சொன்னபோது, விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதையும் எதைக் கையில் வைப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவையும்தான் காரணமாகக் காட்டியது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் பாதிதான் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். நாலு பேர் ஆடும்போது ஒருவர் பார்ப்பது மூன்று நான்கு சீட்டுகளே. நினைவில் வைக்க அதிகமில்லை. இரண்டு பேர் ஆடும்போதோ, நீங்கள் பார்க்காத எல்லாவற்றையும் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் எதைக் கழற்றினார் என்பதிலிருந்து எதைப் பார்த்தார் என்பதைப் பின்னோக்கிப் பிடிக்கலாம். பெட்டியில் நாலு பேர் என்று போட்டிருந்தாலும் இது இருவருக்கான ஆட்டம் என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு கணக்கு. ஏற்கெனவே ஒரு தோல்வி கண்டவர் இன்னொன்றைத் தாங்க மாட்டார், வெளியேற வேண்டியதுதான். அதனால் அவர் பயந்து சீக்கிரம் விலகுவார் என்று மேசை எதிர்பார்க்கிறது, பெரும்பாலும் அவரும் விலகிவிடுகிறார். ஆனால் அந்த எதிர்பார்ப்பே அவர் கையில் இருக்கும் நல்ல கருவி. ஒரு தோல்வியும் காணாதவர் இரண்டு வலம் நின்றால் உதார் என்பார்கள். அடிபட்டவர் நின்றால், உள்ளே இருப்பது எதுவென்று தெரிந்துதான் நிற்கிறார் என்று நம்பி மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகுவார்கள். கருவிகள் இன்னும் நாலைந்து மிச்சமிருக்க, நிலவறையில் மூன்றே சீட்டு இருக்க, கவசம் கழலாமல் இருக்க, அப்படி அவர்கள் விலகிவிட்டால் உள்ளே போவது அவருக்கு லாபம்தான். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம், தன் முறை வரும்போது பாஸ் சொல்லாமல் கட்டின் பக்கம் கையை நீட்டுவது.