குடையைக் கவிழ்த்துப் பாருங்கள்

இடி இடித்து மழை பெய்த மறுநாள் காலையில் வரப்பிலும் புல்தரையிலும் காளான் பூத்திருக்கும். பார்க்க எல்லாம் வெள்ளைக் குடைதான். ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

உண்ணத்தக்க புற்றுக்காளானின் குடை நடுவில் கூம்பு போலக் கூர்ந்திருக்கும். மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். தண்டு வேர் மாதிரி நீண்டு, மண்ணுக்குள் இருக்கும் கறையான் கூடு வரை இறங்கும். வெடுக்கென்று பிடுங்கினால் இந்த அடையாளம் அறுந்துபோகும்.

புல்வெளியில் முளைக்கும் நச்சுக்காளான் ஒன்று உண்டு. குடைமேல் பழுப்புச் செதில்கள், தண்டில் மோதிரம் போல ஒரு வளையம். இளசாக இருக்கையில் குடையின் அடிமடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். குடையை மட்டும் அறுத்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் பச்சை நிறத் தூள் படிந்திருந்தால் அது இந்த நச்சுக்காளான். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. தூள் பச்சையாக இல்லை என்பதற்காக ஒரு காளான் நல்லது என்று ஆகிவிடாது, கவனம்.

பூச்சி அரித்த காளானில் விஷமில்லை, வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் சமைக்கலாம் என்பதெல்லாம் உயிரோடு விளையாடும் நம்பிக்கைகள். காளான் சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.